பித்தளைப் புகையும் ஒரு ஹங்கேரிக்காரரும்



ஆண்டு மலருக்கு யாராவது ஒரு பெரியவருடைய வாழ்க்கையை எழுதிக் கொடு என்று மலர்க்குழுவில் கேட்டார்கள். காமராஜர், பாரதி, ஐன்ஸ்டீன் மூன்று பேரையும் மற்ற டிபார்ட்மென்ட் நண்பர்கள் எனக்கு முன்பே பிடித்துக் கொண்டார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. நான் எழுத நினைத்தவர் வேறொருவர். போன செமஸ்டர் வரை அவர் பெயரே எனக்குத் தெரியாது. ப்ராஜெக்ட் வைவாவில் திருதிருவென்று முழித்ததால் கிடைத்த பெயர் அது. ஜார்ஜ் ஹெவெசி.

என்ன நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் குழுவின் தலைப்பு, பித்தளை உருக்கும்போது ஏற்படும் துத்தநாக இழப்பு. தாமிரம் 5 கிலோ, புதுத் துத்தநாகம் 3 கிலோ, பழைய வார்ப்புகளில் வெட்டியெடுத்த ரன்னர், ரைசர் துண்டுகள் 2 கிலோ. ஆக 10 கிலோ மூசைக்குள் போனது. வார்த்து முடித்து, சிந்தியதையும் பொறுக்கி எடை போட்டால் 9 கிலோ 300 கிராம்தான் வந்தது. 700 கிராமைக் காணோம்!

பவுண்டரி லேப் பக்கம் வராத நண்பர்களுக்காக ஒரு வரி. துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்துவிடும். தாமிரம் உருகுவதற்கே 1085 டிகிரி வேண்டும். அதாவது ஒருவர் உருகுவதற்கு முன்பே மற்றவர் ஆவியாகிக் கிளம்பிவிடுவார். அந்த ஆவி காற்றுப் பட்டதும் வெள்ளைப் புகையாகி, பஞ்சு மாதிரி நம் தலையிலும் சட்டையிலும் உதிரும். அன்றைக்கு அதைத் தாராளமாக முகர்ந்த எங்கள் குழு நண்பன் ஒருவனுக்கு ராத்திரி முழுக்கக் குளிர் ஜுரம். ஆகவே ரிப்போர்ட்டில், காணாமல் போன 700 கிராமும் துத்தநாகம் ஆவியானதால் ஏற்பட்டது என்று ஒரே வரியில் எழுதி, பைண்டிங் போட்டுக் கொடுத்துவிட்டோம்.

வைவாவில் வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் அந்த ஒரு வரியிலேயே விரலை வைத்தார். 700 கிராமில் புகையாகப் போனது எவ்வளவு, கசடில் ஒட்டியது எவ்வளவு, மூசைச் சுவர் குடித்தது எவ்வளவு என்று கேட்டார். கெமிக்கல் அனாலிசிஸ் செய்தால் தெரியும் சார் என்று சமாளித்தேன். சரி, புகையில் போன துத்தநாகம் நீங்கள் புதிதாகப் போட்ட 3 கிலோவிலிருந்து போனதா, பழைய பித்தளைத் துண்டுக்குள் இருந்ததிலிருந்து போனதா என்று அடுத்து கேட்டார். நாங்கள் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கொண்டோம். துத்தநாகம் என்றால் துத்தநாகம்தானே? அதில் புதுசு எது, பழசு எது என்று எந்த அனாலிசிஸ் சொல்லும்? அவர் சிரித்துக்கொண்டே, லைப்ரரிக்குப் போய் ஹெவெசியைத் தேடிப் படி என்று சொல்லி அனுப்பிவிட்டார். மார்க் குறையவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் மனசு உறுத்தியது. போய்த் தேடினேன்.

ஹெவெசி பிறந்தது 1885 ஆகஸ்ட் 1, புடாபெஸ்ட் நகரில். வசதியான குடும்பம், எட்டுப் பிள்ளைகள். யூத வம்சாவளி என்றாலும் கத்தோலிக்கர்களாக மாறியிருந்தவர்கள். படிப்புக்காக புடாபெஸ்ட், பெர்லின், ஃப்ரைபர்க் என்று சுற்றி, 1908-ல் ஃப்ரைபர்கில் டாக்டர் பட்டம் வாங்கினார். உருகிய உப்புகளைப் பற்றி ஜூரிக்கில் சிலகாலம் ஆராய்ச்சி. கார்ல்ஸ்ரூவேயில் அம்மோனியா புகழ் ஹேபரிடம் சிலகாலம். பிறகு 1911-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டருக்கு, ரூதர்ஃபோர்டின் ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தார். அணுவுக்கு உட்கரு என்று ஒன்று இருப்பதாக ரூதர்ஃபோர்டு அறிவித்த அதே வருஷம். உலகத்துக் கெட்டிக்காரப் பையன்கள் எல்லாம் அங்கேதான் கூடியிருந்தார்கள்.

அங்கே ரூதர்ஃபோர்டுக்கு ஒரு தலைவலி இருந்தது. யோகிம்ஸ்தால் சுரங்கத்தின் யுரேனியத் தாதுவிலிருந்து கிடைத்த ஈயத்தை ஆஸ்திரிய அரசு அவருக்குக் கொடுத்திருந்தது. ஒன்றிரண்டு கிலோ இல்லை, நூற்றுக்கணக்கான கிலோ. அதற்குள் ரேடியம்–டி என்ற கதிரியக்கப் பொருள் கலந்திருக்கிறது. அதைத் தனியே பிரித்துவிட்டால் ஆராய்ச்சிக்குப் பொக்கிஷம். பிரிக்காவிட்டால் வெறும் ஈய மூட்டை. இந்தப் பிரிக்கும் வேலையைப் புதிதாக வந்த ஹெவெசியிடம் ஒப்படைத்தார்.

ஹெவெசியும் உற்சாகமாக இறங்கினார். கரைத்துப் பார்த்தார், வீழ்படிவாக்கிப் பார்த்தார், மின்பகுப்பு செய்து பார்த்தார். ஈயம் எங்கே போனாலும் ரேடியம்–டி கூடவே போனது. ஈயம் கரைந்தால் அதுவும் கரைந்தது, ஈயம் படிந்தால் அதுவும் படிந்தது. ஏறக்குறைய இரண்டு வருஷம்! கடைசியில் கையில் மிஞ்சியது பூஜ்யம். அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அவர் படிப்பில் மோசமில்லை, உழைப்பில் குறைவில்லை. கேள்வியே தவறாக இருந்தது. ரேடியம்–டி என்பது ஈயத்தோடு கலந்த வேறொரு பொருள் இல்லை. அதுவும் ஈயம்தான்! எடை 210 உள்ள ஈயம். ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணுக்களுக்கு ஐசோடோப்பு என்ற பெயரை சாடி என்பவர் கொடுத்ததே 1913-ல்தான். அதற்கு முன்னால் ஹெவெசி இருட்டறையில் தன் நிழலையே துரத்திக் கொண்டிருந்திருக்கிறார்.

வேறு யாராவதாக இருந்தால் மூட்டையைக் கட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பார்கள். ஹெவெசி அந்தத் தோல்வியை அப்படியே தலைகீழாகத் திருப்பினார். எந்த ரசாயன வித்தையாலும் இதை ஈயத்திலிருந்து பிரிக்க முடியாது என்றால், ஈயம் போகும் இடமெல்லாம் இது விசுவாசமாகக் கூடவே போகும் என்றுதானே அர்த்தம்? இது மட்டும் கதிர் வீசுவதால் எங்கே இருக்கிறது என்று கருவி காட்டிக் கொடுத்துவிடும். அப்படியானால் ஈயத்துக்குள்ளேயே ஓர் ஒற்றனை அனுப்பியாகிவிட்டது! இதைத்தான் ட்ரேசர் என்கிறோம். சுவடு காட்டி என்று தமிழில் சொல்லலாம்.

ஆனால் சுத்தமான ஒற்றன் வேண்டுமே. அதற்கும் வழி இருந்தது. ரேடான் வாயுவைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து வைத்தால், அது படிப்படியாகச் சிதைந்து குழாய்ச் சுவரில் ரேடியம்–டி படியும். சாதாரண ஈயம் கலக்காத சரக்கு. 1913-ல் வியன்னா ரேடியம் ஆய்வு நிலையத்தில், தன்னைப் போலவே பிரிக்க முயன்று தோற்றுப்போன பனேத் என்ற நண்பரோடு சேர்ந்து முதல் சோதனையைச் செய்தார். ஈய சல்ஃபைடும் ஈய குரோமேட்டும் தண்ணீரில் எவ்வளவு கரையும் என்பதுதான் கேள்வி. இரண்டும் கரையவே கரையாது என்று நாம் லேபில் எழுதுவோம். உண்மையில் துளியூண்டு கரையும், தராசுக்குத்தான் எட்டாது. கணக்கை இப்படிப் பாருங்கள். 1 கிராம் ஈயத்தோடு 1 லட்சம் எண்ணிக்கை காட்டும் அளவுக்கு ஒற்றனைக் கலந்துவிடுகிறோம். அந்த ஈயத்தை சல்ஃபைடாக்கி, தண்ணீரில் குலுக்கி, வடிகட்டி, தண்ணீரை வற்ற வைத்தால் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் ஏதோ இருக்கும். அது 1 எண்ணிக்கை காட்டினால் அதில் இருப்பது லட்சத்தில் ஒரு கிராம் ஈயம். அவ்வளவுதான், தராசே வேண்டாம்.

மான்செஸ்டர் நாட்களின் கதை ஒன்று உண்டு. ஹாஸ்டல் நண்பர்களுக்காக அதைச் சொல்லாமல் விட முடியாது. ஹெவெசி ஒரு வீட்டில் தங்கிச் சாப்பிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை மிச்சமான கறி வாரம் முழுக்க வேறு வேறு பெயரில் தட்டுக்குத் திரும்பி வருகிறது என்று அவருக்குச் சந்தேகம். வீட்டுக்கார அம்மா சத்தியமாக இல்லை என்று சாதித்தார். ஒரு ஞாயிறன்று மிச்சம் வைத்த சாப்பாட்டில் யாருக்கும் தெரியாமல் துளிக் கதிரியக்கப் பொருளைத் தூவிவிட்டு வந்தார். சில நாள் கழித்து மேஜைக்கு வந்த புதுப் பதார்த்தத்தின் அருகில் எலெக்ட்ரோஸ்கோப்பை வைத்தால்... தங்கத் தகடு இறங்கிவிட்டது! பிற்காலத்தில் அவரே சொல்லிச் சிரித்த கதை இது. நம்ம மெஸ் இட்லி உப்புமாவாக மாறும் ரகசியத்தைக் கண்டுபிடிக்க யாரும் இதைச் செய்துவிடாதீர்கள். அந்தக் காலத்தில் கதிரியக்கத்தின் ஆபத்து முழுதாகத் தெரியாது. இன்று நம் நாட்டில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி இல்லாமல் ஒரு துளியைக்கூடத் தொட முடியாது. அதுதான் சரியும்கூட.

1914-ல் உலகப் போர் வந்தது. ஹெவெசி ஆஸ்திரிய–ஹங்கேரி ராணுவத்தின் பக்கம். மான்செஸ்டரில் கூடப் பழகிய நண்பர் மோஸ்லி, தனிமங்களுக்கு அணு எண் வரிசையை நிலைநாட்டிய அந்த மோஸ்லி, பிரிட்டிஷ் படையில் சேர்ந்து 1915-ல் கலிப்போலியில் இறந்துபோனார். வயது 27. ஒரே லேபில் பழகியவர்கள் எதிரெதிர் அணியில்.

போர் முடிந்த பிறகு ஹெவெசி செய்த வேலைதான் நம்ம டிபார்ட்மென்டுக்கு நேரடியாகச் சொந்தம். கெட்டியான ஓர் உலோகத்துக்குள் அதன் அணுக்கள் சும்மா இருக்கின்றனவா, இடம் மாறுகின்றனவா? கேஸ் ஹார்டனிங்கில் இரும்புக்குள் கார்பன் நுழைவது நமக்குத் தெரியும். அது வேறு பொருள், அதனால் கண்டுபிடித்துவிடலாம். ஈயத்துக்குள் ஈயமே நகர்ந்தால் யாருக்குத் தெரியும்? எங்கள் வைவா கேள்விக்கு அண்ணன் இந்தக் கேள்வி! 1920-ல் க்ரோ என்பவரோடு சேர்ந்து உருகிய ஈயத்துக்குள் கதிரியக்க ஈயம் பரவும் வேகத்தை அளந்தார். அடுத்த வருஷம் கெட்டி ஈயத்தில் முயன்றபோது அளக்கும் அளவுக்கு எதுவும் நகரவில்லை. மறுபடியும் தோல்வி. விடவில்லை. ஆல்ஃபா கதிர் ஈயத்துக்குள் மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு தூரம்தான் போகும். இந்தப் பலவீனத்தையே அளவுகோலாக வைத்துக்கொண்டு, மெல்லிய தகடுகளில் கணக்கிட்டு, 1925-ல் ஓப்ருச்சேவா என்பவரோடு சேர்ந்து கெட்டி ஈயத்தின் சுயப் பரவலை அளந்து காட்டினார். சின்டரிங், க்ரீப், அனீலிங் என்று நாம் பரீட்சைக்கு உருப்போடுவதற்கெல்லாம் அடியில் ஓடுவது இந்த அணு நடமாட்டம்தான்.

ஆவியாகும் உலோகமும் இவர் கையிலிருந்து தப்பவில்லை. 1920-ல் கோபன்ஹேகனில் நீல்ஸ் போரின் நிலையத்துக்கு வந்தவர், ப்ரான்ஸ்டெட் என்ற வேதியியல் அறிஞரோடு சேர்ந்து பாதரசத்தைப் பிடித்தார். வெற்றிடத்தில் லேசான சூட்டில் பாதரசத்தை ஆவியாக விட்டு, நேர் மேலே திரவக் காற்றால் குளிர்வித்த பரப்பில் அதை உறைய வைத்தார்கள். போன அணு திரும்பிக் கீழே விழக்கூடாது, அதுதான் சூட்சுமம். எடை குறைந்த அணு கொஞ்சம் வேகமாகக் கிளம்பும், எடை கூடியது கொஞ்சம் பின்தங்கும். திரும்பத் திரும்பச் செய்ததில், மேலே படிந்த பாதரசத்துக்கும் கீழே மிஞ்சியதற்கும் அடர்த்தியில் பத்தாயிரத்தில் சில பங்கு வித்தியாசம் வந்தது. ஐசோடோப்புகளைப் பிரிக்கவே முடியாது என்று மான்செஸ்டரில் கையைச் சுட்டுக்கொண்ட அதே மனிதர், ரசாயனத்தை விட்டுவிட்டு வெறும் ஆவியாதலால் கொஞ்சமாவது பிரித்துக் காட்டினார். படித்தபோது எனக்குப் பழி தீர்த்த மாதிரி இருந்தது.

1923-ல் கோஸ்டரோடு சேர்ந்து, ஜிர்கான் தாதுவில் எக்ஸ் கதிர் மூலம் ஹாஃப்னியம் என்ற புதுத் தனிமத்தைக் கண்டுபிடித்தார். கோபன்ஹேகனின் லத்தீன் பெயர் ஹாஃப்னியா, அதிலிருந்து வந்த பெயர். ஜிர்கோனியத்தை அணு உலைக் குழாய்க்குப் பயன்படுத்த வேண்டுமானால் அதிலுள்ள ஹாஃப்னியத்தை நீக்கியாக வேண்டும். தூத்துக்குடி மாவட்டம் பழையகாயலில் உள்ள ஜிர்கோனியம் ஆலையில் நடப்பது அந்த வேலைதான். அந்தப் பக்கத்து நண்பர்கள் கவனிக்கவும். அதே 1923-ல் அவரைச் செடிகளும் ஈர்த்தன. அவரை இனச் செடிகளின் வேரைக் கதிரியக்க ஈயக் கரைசலில் வைத்து, ஈயம் எங்கெங்கே ஏறுகிறது என்று பார்த்தார். உயிருள்ள ஒன்றுக்குள் ஒற்றன் நுழைந்தது அப்போதுதான் முதல் தடவை.

இத்தனை செய்தும் ஒரு பெரிய முட்டுக்கட்டை இருந்தது. இயற்கையில் கிடைத்த ஒற்றர்கள் ஈயம், பிஸ்மத் போன்ற ஒரு சில கன உலோகங்களுக்கு மட்டும்தான். கந்தகம், பாஸ்பரஸ், துத்தநாகம், ஆர்செனிக், அதாவது உலையில் வைத்ததும் கிளம்பிப் பறக்கும் சாமான்கள் எதற்கும் ஆள் கிடையாது. 1934-ல் ஜோலியோ–க்யூரி தம்பதி செயற்கைக் கதிரியக்கத்தைக் கண்டுபிடித்தார்கள். கதவு திறந்தது. ஹெவெசி சும்மா இருப்பாரா? கார்பன் டைசல்ஃபைடை நியூட்ரானால் தாக்கி, அதிலுள்ள கந்தகத்திலிருந்து பாஸ்பரஸ்–32 தயாரித்தார். 1935-ல் அதை எலிகளுக்குக் கொடுத்து, எலும்பில் இருக்கும் பாஸ்பரஸ்கூட ஓயாமல் வெளியேறிப் புதுப்பிக்கப்படுகிறது என்று காட்டினார். எலும்பு வெறும் சுண்ணாம்புத் தூண் என்று நினைத்திருந்தவர்களுக்கு அதிர்ச்சி. 1936-ல் ஹில்டே லெவி என்ற பெண் விஞ்ஞானியோடு சேர்ந்து, ஒரு சாம்பிளை நியூட்ரானில் வைத்து அதிலுள்ள துளி அசுத்தத்தையும் கண்டுபிடிக்கும் முறையை உண்டாக்கினார்.

இப்போது எங்கள் 700 கிராமுக்கு வருகிறேன். புதிதாகப் போடும் 3 கிலோ துத்தநாகத்தில் மட்டும் கடுகளவு துத்தநாகம்–65 கலந்திருந்தால்? அதன் அரை ஆயுட்காலம் 244 நாள், சாவகாசமாக அளக்கலாம். புகையை ஃபில்டரில் பிடித்து, கசடு, மூசை, வார்ப்பு எல்லாவற்றையும் தனித்தனியே கவுன்டரில் வைத்தால், புதுத் துத்தநாகம் எங்கே எவ்வளவு என்று தெரிந்துவிடும். கெமிக்கல் அனாலிசிஸ் சொல்லும் மொத்தத் துத்தநாகத்திலிருந்து அதைக் கழித்தால் மீதி பழையது. எக்ஸாமினர் கேட்டதற்குப் பதில் அதுதான். உலோக ஆராய்ச்சியாளர்கள் இந்த வழியை நன்றாகவே பிடித்துக் கொண்டார்கள். கோக்கில் கந்தகம்–35 கலந்து, இரும்புக்குள் ஏறும் கந்தகம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தார்கள். சின்னத் துளையுள்ள கலத்தில் உலோகத்தைச் சூடாக்கி, துளை வழியே வரும் ஆவியைக் குளிர்ந்த தகட்டில் பிடித்து, தராசில் நிற்காத எடையைக் கவுன்டரில் எண்ணி, ஆவி அழுத்தம் கண்டார்கள். ஊது உலையின் செங்கல் சுவருக்குள் கோபால்ட்–60 புதைத்து, அந்தக் கதிர் மறைந்தால் சுவர் அதுவரை தேய்ந்துவிட்டது என்று தெரிந்துகொண்டார்கள்.

ஹெவெசியின் சொந்த வாழ்க்கை மட்டும் அவ்வளவு சுமுகமாகப் போகவில்லை. 1926-லிருந்து ஃப்ரைபர்கில் பேராசிரியராக இருந்தவர், ஹிட்லர் ஆட்சி வந்ததும் யூத வம்சாவளி என்பதால் 1934-ல் கிளம்பி கோபன்ஹேகனுக்கே திரும்பினார். 1940 ஏப்ரலில் ஜெர்மன் படை அங்கேயும் வந்துவிட்டது. போரின் நிலையத்தில் இரண்டு நோபல் தங்கப் பதக்கங்கள் இருந்தன. லாவே, ஃப்ராங்க் என்ற இரண்டு ஜெர்மன் விஞ்ஞானிகள் பாதுகாப்புக்காகக் கொடுத்து வைத்தவை. நாஜி ஆட்சியில் நாட்டை விட்டுத் தங்கத்தை அனுப்புவது பெரிய குற்றம். பதக்கத்தில் பெயர் பொறித்திருக்கிறது, அகப்பட்டால் ஜெர்மனியிலேயே இருந்த லாவேயின் கதி என்ன ஆகும்? புதைத்துவிடலாமா என்று ஹெவெசி யோசித்தார். தோண்டி எடுத்துவிடுவார்கள் என்று போர் ஒப்புக்கொள்ளவில்லை. வெளியே தெருவில் படை வந்துகொண்டிருக்க, உள்ளே ஹெவெசி இரண்டு பதக்கங்களையும் இராஜ திராவகத்தில் கரைத்துக் கொண்டிருந்தார்! தங்கம் சுலபத்தில் கரைகிற ஜாதியா? ஒரு நாள் முழுக்க அந்த வேலைதான். சோதனை போட வந்தவர்கள் அலமாரியில் இருந்த பாட்டிலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போர் முடிந்த பிறகு பாட்டில் வைத்த இடத்திலேயே இருந்தது. தங்கத்தைத் திரும்ப வீழ்படிவாக்கி ஸ்வீடனுக்கு அனுப்ப, நோபல் அறக்கட்டளை அதிலிருந்தே புதுப் பதக்கம் வார்த்துக் கொடுத்தது. நாம் கெமிஸ்ட்ரி லேபில் இராஜ திராவகம் என்று ரெக்கார்டில் எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். அது ஒரு மனிதரைக் காப்பாற்ற உதவியிருக்கிறது.

1943-ல் டென்மார்க்கிலும் யூதர்களைப் பிடிக்கத் தொடங்கியபோது ஹெவெசி ஸ்டாக்ஹோமுக்குத் தப்பினார். அந்த 1943-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு, ஐசோடோப்புகளைச் சுவடு காட்டியாகப் பயன்படுத்தியதற்காக, 1944-ல் அவருக்கு அறிவிக்கப்பட்டது. வியன்னா சோதனை முடிந்து 31 வருஷம் ஆகியிருந்தது. 1966 ஜூலை 5-ல், 80 வயதில், தான் டாக்டர் பட்டம் வாங்கிய அதே ஃப்ரைபர்கில் காலமானார். அவருடைய எச்சங்களை 2001-ல் புடாபெஸ்டுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள்.

எங்கள் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் நாலு காப்பி போட்டோம். டிபார்ட்மென்ட் லைப்ரரியில் இருக்கும் காப்பியை ஒன்றும் செய்ய முடியாது, கையெழுத்தாகி சீலும் குத்தியாகிவிட்டது. என்னிடம் இருக்கும் காப்பியில் மட்டும், ஆவியானது என்ற அந்த ஒரு வரியைப் பென்சிலால் அடித்துவிட்டு, பக்கத்தில் இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: 700 கிராம், போன இடம் அளக்கப்படவில்லை.

— மூன்றாம் ஆண்டு, உலோகவியல் துறை